சைகல் உண்மையிலேயே மூக்கால்தான் பாடினாரா?

நீங்கள் கேட்டிருப்பவை மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள்: பழைய ஹிந்திப் பட நடிகரும் பாடகருமான கே. எல். சைகல் முறையாகச் சங்கீதம் கற்றவரா, குடித்தால்தான் அவருக்குப் பாட்டு வரும் என்பது உண்மையா, அவருடைய குரல் ஏன் மூக்கால் பாடுவதுபோல் ஒலிக்கிறது. தாத்தா விரும்பிக் கேட்ட பாட்டு என்று வீட்டில் ஒன்றைப் போட்டபோது எல்லாரும் சிரித்துவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உண்மையான கேள்வி அந்தச் சிரிப்பில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இன்று நம் காதுக்கு வேடிக்கையாகப் படும் இந்தக் குரலிடம், லாகூரிலிருந்து கல்கத்தா வரை ஒரு தலைமுறையே எப்படிச் சொக்கிக் கிடந்தது? அதற்கு விடை சொன்னால் மற்ற மூன்றும் அதற்குள் அடங்கிவிடும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளைக் கழுவி, ஓட்டி, கணினிக்கு மாற்றிக் கொடுப்பதே என் வேலை. கர்நாடக சங்கீதம் சிறுவயதில் சில ஆண்டுகள் கற்றேன். இந்துஸ்தானி இசை எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே. உருது வாசிக்கத் தெரியாது. ஆகவே தட்டு, ஊசி, ஒலிப்பதிவு பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளுங்கள். கஸல் என்னும் உருதுக் கவிதைப் பாட்டின் உச்சரிப்பு பற்றியோ ராக நுட்பம் பற்றியோ ஏதாவது சொன்னால், அறிந்தவர் ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

குந்தன் லால் சைகல் 1904 ஏப்ரலில் ஜம்முவில் பிறந்தார். தந்தை அமர்சந்த் அந்த சமஸ்தானத்தில் தாசில்தார். பாட்டு வந்தது தாய் வழியாக. கோயில்களிலும் வீட்டு விசேஷங்களிலும் பஜனை பாடிய அந்த அம்மாளோடு சிறுவன் போய் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டான். உள்ளூர் ராம்லீலா என்னும் ராமாயண நாடகத்தில் சீதை வேஷம் போட்டுப் பாடினான். வளர்ந்தபின் ரயில்வேயில் சிறிது காலம் வேலை, பிறகு ரெமிங்டன் கம்பெனிக்காகத் தட்டச்சுப்பொறி விற்கும் வேலை என்று ஊர் ஊராக அலைந்தார். கடைசியில் கல்கத்தாவில், பி. என். சர்க்காரின் நியூ தியேட்டர்ஸ் படக் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். அங்கே ஆர். சி. போரால், பங்கஜ் மல்லிக் போன்ற இசையமைப்பாளர்கள் இருந்தார்கள். அவருடைய முதல் மூன்று படங்களும் 1932-இல் வந்து ஓடாமல் போயின. அடுத்த ஆண்டு ‘பூரண் பகத்’ படத்தில் அவர் பாடிய பஜனைகள் பேசப்பட்டன; 1934-இல் ‘சண்டிதாஸ்’; 1935-இல் ஹிந்தி ‘தேவதாஸ்’. அதன் பிறகு அவருக்கு அறிமுகம் தேவைப்படவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கான விடை இதிலேயே பாதி இருக்கிறது. கரானா என்று சொல்லப்படும் குருகுல வழி எதிலும் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து அவர் பயின்றவர் அல்ல, இது உறுதி. ஆனால் ‘கற்காதவர்’ என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. ஜம்முவில் ஒரு சூஃபிப் பெரியவரிடம் பழகியிருக்கிறார். கல்கத்தாவில் போராலும் மல்லிக்கும் நாள்தோறும் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள். தும்ரி (இந்துஸ்தானி இசையின் ஒரு மென்மையான பாட்டு வடிவம்), கஸல், பஜனை, ரவீந்திர சங்கீதம் (தாகூரின் பாடல்கள்) ஆகிய நான்கையும் ஒன்றின் சாயல் மற்றொன்றில் படியாமல் பாடியிருக்கிறார். ‘தேவதாஸ்’ படத்தில், இந்துஸ்தானிப் பாடகர் உஸ்தாத் அப்துல் கரீம் கான் பாடிப் புகழ்பெற்ற ஒரு தும்ரியைச் சைகல் சிறிது பாடுவார். அதைக் கேட்ட உஸ்தாத் நெகிழ்ந்துபோய் மணியார்டரில் பணம் அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு. மணியார்டர் கதைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். அந்த உஸ்தாதுக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு என்பது மட்டும் உறுதி: சென்னைப் பக்கம் வந்து கச்சேரி செய்த அவர், 1937-இல் புதுச்சேரிக்குப் போகும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில்தான் உயிர் விட்டார்.

இனிக் குரலுக்கு வருவோம். சைகல் பாட வந்த காலத்தில் இந்தியாவின் பெரும் பாடகர்கள் பலர் மைக் இல்லாத மேடையில் வளர்ந்தவர்கள். நம் நாடக மேடையை நினைத்துப் பாருங்கள். எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் தமது 27-ஆம் வயதில் மறைந்தார். அவரும் அவர் காலத்தவரும் ஐந்து கட்டைக்கும் மேல், அதாவது மிக உயரத்தில், சுருதி வைத்துப் பாடியது வீம்புக்காக அல்ல. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும். அதற்கு உச்ச ஸ்தாயியும் கணீரென்ற குரலும் தேவைப்பட்டன. சைகலுக்கு அந்தத் தேவை இல்லை. மின்சாரமுறை ஒலிப்பதிவு 1925 வாக்கில் வந்துவிட்டது. அவர் முதன்முதலாகப் பதிவுக்கு உட்கார்ந்தபோதே முன்னால் மைக் இருந்தது. அவர் உரக்கப் பாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுவதுபோலப் பாடினார். கீழ் ஸ்தாயியில் இறங்கி, சொல்லின் கடைசி எழுத்தை மூச்சோடு விட்டுவிடவும் துணிந்தார். கொட்டகை மேடையில் அப்படிப் பாடியிருந்தால் இரண்டாம் வரிசைக்கே கேட்டிருக்காது. இந்திய இசையில் மைக்குக்காகவே ஒரு குரலை அமைத்துக்கொண்ட முதல் சிலரில் அவர் ஒருவர் என்பது என் கருத்து. அவருக்குப் பின் வந்த மெல்லிசைப் பாடகர்கள் அத்தனை பேரும் அந்த இடத்திலிருந்து கிளம்பியவர்கள்தான்.

அப்படியானால் மூக்கு? இதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. முதலாவது, அவர் குரலிலேயே ஓரளவு மூக்கொலி இருந்தது, அதை மறுக்கவில்லை. இரண்டாவது, மொழி. ஹிந்தியிலும் உருதுவிலும் உயிரெழுத்தை மூக்கால் ஒலிப்பது இலக்கணமே. ‘நஹீன்’, ‘மேன்’ என்று நாம் எழுதும் சொற்களின் கடைசியில் உண்மையில் ‘ன்’ கிடையாது, மூக்கில் முடியும் உயிரொலிதான் உண்டு. பேச்சுத் தமிழில் நாமும் ‘மரம்’ என்பதன் கடைசியை அப்படித்தான் முடிக்கிறோம். ஆனால் பாடும்போது உதட்டை மூடி ‘ம்’ என்று அழுத்திவிடுகிறோம். சைகல் பேசுவதுபோலப் பாடியவர். ஆகவே பேச்சின் மூக்கொலி பாட்டிலும் அப்படியே வந்தது. மூன்றாவது காரணம் என் துறையைச் சேர்ந்தது. உங்கள் வீட்டில் எழுந்த சிரிப்புக்குப் பெரும் பங்கு அதற்கே உண்டு.

அந்தக் காலத்து 78 சுற்றுத் தட்டில் பதிவானது ஏறக்குறைய 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிதான். மனிதக் காது கேட்கக்கூடியது 20,000 வரை. குரலின் அடிக்கனமும் மேல் மினுமினுப்பும் பதிவிலேயே கொஞ்சம் போய்விடுகின்றன. அதற்கு மேல் நாம் செய்யும் கெடுதல்கள் தனி. பின்னாளில் வந்த எல்பி தட்டுக்கான மெல்லிய ஊசியை 78 சுற்றுத் தட்டில் வைத்தால் அது பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் அழுக்கில் உரசிக்கொண்டே ஓடும். 78-க்கு ஏறக்குறைய மூன்று மடங்கு அகலமான ஊசி வேண்டும். பிறகு இரைச்சல் பிடிக்காமல் மேல் ஒலியை மென்பொருளால் வெட்டுகிறார்கள். உறுமல் பிடிக்காமல் கீழ் ஒலியையும் வெட்டுகிறார்கள். நடுவில் மிஞ்சுவது பழைய டெலிபோனில் கேட்கும் குரல். இணையத்தில் சைகல் என்று சுற்றுவதில் பெரும்பகுதி இந்த டெலிபோன் குரல்தான். வேகமும் ஒரு தொல்லை: 78-க்குப் பதில் 82 சுற்றில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்வரஸ்தானம் ஏறிவிடும், குரலும் மெலிந்து சிறுபிள்ளைத்தனமாகிவிடும். ஒரே பாட்டு இரண்டு தொகுப்புகளில் இரண்டு சுருதியில் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சைகல் இரண்டு முறை பாடினார் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் தந்தையாரின் தட்டுகளை ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தார். அவற்றில் ஒன்று ஹிந்துஸ்தான் கம்பெனி வெளியிட்ட சைகல் தட்டு. ஓரம் சற்றே உதிர்ந்திருந்தது, பள்ளங்களில் பல வருடத் தூசி. வெதுவெதுப்பான நீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் விட்டு, லேபிளில் நீர் படாமல் மென்மையான தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே மூன்று முறை துடைத்தேன். அரக்கால் ஆன இந்தத் தட்டுகளைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, அரக்கு கரைந்துவிடும். (சைகலைப் பற்றிய கேள்விக்கு இந்தத் தகவலும் பொருத்தமாக அமைந்துவிட்டது.) காய்ந்தபின் அகலமான ஊசியை வைத்து, எதையும் வெட்டாமல் ஓட்டினேன். இரைச்சல் இருந்தது, மழை ஓட்டுக்கூரையில் விழுவதுபோல. அதற்குப் பின்னால் இருந்த குரல் நெஞ்சிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து ஊசி உள்வட்டத்தில் சுற்றத் தொடங்கியும் எழுந்திருக்கவில்லை. மூக்கு எங்களுக்கு நினைவுக்கே வரவில்லை.

பாடல் வரலாற்றைப் பார்க்கும்போது இன்னொன்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும்: படத்தில் கேட்கும் சைகலும் தட்டில் கேட்கும் சைகலும் பல பாடல்களில் வேறு வேறு பதிவுகள். படப்பிடிப்பின்போது நடிகர் பாடியது பிலிமின் ஓரத்தில் ஒலித்தடமாகப் பதிவாகும். தட்டுக் கம்பெனிக்கோ, பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் கொள்ளும் மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் பாட்டு முடிய வேண்டும். அதனால் அதே பாட்டைச் சுருக்கி, வாத்தியங்களைக் கூட்டியோ குறைத்தோ, தனியாகப் பாடிப் பதிவு செய்வது அந்தக் காலத்து வழக்கம். நம் தமிழ்ப் படப் பாட்டுத் தட்டுகளிலும் அதே நிலைதான். ஆகவே ‘மூலப் பதிவு’ என்று யாராவது சொன்னால், படமா தட்டா என்று முதலில் கேளுங்கள்.

படத்தில் கேட்க வேண்டிய சைகலுக்கு எடுத்துக்காட்டு ஒன்றே போதும். பின்னணிப் பாட்டு என்ற முறையை 1935-இல் ‘தூப் சாவோன்’ படத்தின் வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தது இதே நியூ தியேட்டர்ஸ்தான். முதலில் பாட்டைப் பதிவு செய்துவிட்டுப் பிறகு வாயசைக்கும் வசதி அங்கே இருந்தும், 1938-இல் ஃபணி மஜும்தார் இயக்கிய ‘ஸ்ட்ரீட் சிங்கர்’ படத்தின் ‘பாபுல் மோரா’ பாட்டைச் சைகல் கேமராவுக்கு முன் நடந்துகொண்டே நேரடியாகப் பாடினார். கழுத்தில் ஆர்மோனியம் தொங்குகிறது, தெருவில் நடக்கிறார், வாத்தியக்காரர்கள் கேமராவின் பார்வைக்கு வெளியே கூடவே நடந்தார்கள் என்று சொல்வார்கள். அந்தப் பாட்டை இயற்றியவர் அவத் நாட்டின் கடைசி நவாப் வாஜித் அலி ஷா. 1856-இல் ஆங்கிலேயர் நாட்டைப் பறித்துக்கொண்டபின் லக்னோவை விட்டு வந்தவர். பிறந்த வீட்டை விட்டுப் பல்லக்கில் போகும் பெண்ணின் புலம்பலாகத் தம் பிரிவைப் பைரவி ராகத்தில் சொன்னார். அவர் எஞ்சிய நாளைக் கழித்து 1887-இல் இறந்தது கல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியில். அதே கல்கத்தாவில் ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பஞ்சாபிக்காரர் அதை நடந்துகொண்டே பாடினார். அந்தக் காட்சியில் அவர் மூச்சு எங்கே வாங்குகிறார் என்பதைக் கவனித்துப் பாருங்கள். வரியின் நடுவில் வாங்குவதே இல்லை; நடை தளராமல், சொல் முடியும் இடத்தில்தான் வாங்குகிறார். இதை ‘பயிற்சி இல்லாதவர்’ செய்தார் என்றால், பயிற்சி என்ற சொல்லுக்கு நாம்தான் வேறு பொருள் தேட வேண்டும்.

படமல்லாத தட்டுகள் தனி உலகம். காலிப், ஸௌக் முதலிய உருதுக் கவிஞர்களின் கஸல்களை, பெரும்பாலும் ஆர்மோனியமும் தபலாவுமாக, மூன்று நிமிடத்துக்குள் பாடிவைத்திருக்கிறார். மஹ்ஃபில் என்னும் கஸல் கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் ஒரு வடிவத்தைத் தட்டின் ஒரு பக்கத்துக்குள் அடக்கும்போது எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். அவர் விட்டது பிர்காக்களை (வேகமான ஸ்வர அடுக்குகளை), வைத்துக்கொண்டது சொற்களை. வங்கத்தில் ரவீந்திரநாத் தாகூரின் பாடல்களையும் பாடினார்; வங்காளியல்லாத ஒருவரை அந்த ஊர் அப்படி ஏற்றுக்கொண்டது சாதாரணமல்ல. நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு: 1937-இல் பி. வி. ராவ் இயக்கி நடித்த தமிழ் ‘தேவதாஸ்’ படத்துக்காகச் சைகல் இரண்டு தமிழ்ப் பாடல்கள் பாடினார். அவற்றை அவருடைய மேலான பாடல்களோடு நான் சேர்க்க மாட்டேன்; தெரியாத மொழியில் மரியாதையோடு பாடிய பாடல்கள், அவ்வளவே. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 36 படங்கள் (ஹிந்தி-உருது 28, வங்கம் 7, தமிழ் 1), மொத்தம் 185 பாடல்கள், அவற்றில் 142 படப் பாடல்கள் என்பது. பதினைந்தே ஆண்டுகளில் பாடியவை இவை. பின்னாளில் ஆயிரக்கணக்கில் பாடியவர்களோடு ஒப்பிட்டால் ஒரு சிறு பெட்டியில் அடங்கிவிடும்.

குடியைப் பற்றி. அவர் அதிகம் குடித்தார், அதனால் உடல் கெட்டது, 1947 ஜனவரி 18 அன்று ஜலந்தரில் 42 வயதில் இறந்தார், இவ்வளவும் உறுதி. 1940-களின் தொடக்கத்தில் பம்பாய் போய், ரஞ்சித் நிறுவனத்துக்காக ‘பக்த சூர்தாஸ்’ (1942), ‘தான்சேன்’ (1943) ஆகிய பெரும் வெற்றிகளைத் தந்த காலத்திலேயே அந்தப் பழக்கம் முற்றியிருந்தது. ஆனால் ‘குடித்தால்தான் பாட்டு வரும்’ என்பது வேறு விஷயம். அப்படி நம்பியவர் முதலில் சைகலேதான். 1946-இல் ‘ஷாஜஹான்’ படத்துக்கு இசையமைத்த நௌஷாத் பின்னாளில் பல பேட்டிகளில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். சைகல் தம் கோப்பைக்கு ‘காலி பாஞ்ச்’ என்று பெயர் வைத்திருந்தாராம். ஆர்மோனியத்தின் ஐந்தாவது கறுப்புக் கட்டை என்று பொருள். நம் கணக்கில் ஆறரைக் கட்டை. ‘ஜப் தில் ஹீ டூட் கயா’ பாட்டைக் குடித்துவிட்டு ஒரு முறையும் குடிக்காமல் ஒரு முறையும் பாடவைத்து, எது நன்றாக இருக்கிறது என்று அவரையே கேட்டபோது, குடிக்காமல் பாடியதை அவர் தேர்ந்தெடுத்தாராம். இது ஒருவர் பல ஆண்டு கழித்து நினைவிலிருந்து சொன்னது. அந்த அளவுக்கே அதற்கு மதிப்புக் கொடுங்கள். தட்டு சொல்வதை மட்டும் நான் சொல்கிறேன்: அந்தப் பதிவில் குரல் களைத்திருக்கிறது, ஆனால் சுருதியிலோ சொல்லிலோ தடுமாற்றம் இல்லை. பத்தாண்டுக்கு முந்தைய ‘தேவதாஸ்’ பாடல்களோடு வைத்துக் கேட்டால், கீழ் ஸ்தாயியின் கனம் குறைந்திருப்பது தெரியும். குடி அந்தக் குரலுக்கு எதையும் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டதுதான் பதிவில் இருக்கிறது.

இன்னும் சில கதைகள் உங்கள் காதுக்கு வரும். ‘ஜப் தில் ஹீ டூட் கயா’ பாட்டையே தம் இறுதி ஊர்வலத்தில் வாசிக்கச் சொன்னார் என்பது அவற்றில் ஒன்று. அழகாக இருப்பதாலேயே நான் அதைச் சந்தேகிக்கிறேன். லதா மங்கேஷ்கர் முதன்முதலாக வாங்கிய ரேடியோவில் சைகல் இறந்த செய்தியைக் கேட்டு ரேடியோவையே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது அவரே சொன்னது, ஆகவே ஏற்கலாம். முகேஷ் 1945-இல் ‘பெஹ்லி நஸர்’ படத்தில் பாடிய பாட்டு அச்சு அசல் சைகல் சாயல் என்பதற்கு யார் சாட்சியமும் வேண்டாம், கேட்டாலே தெரியும். ‘ஷாஜஹான்’ படத்தின் ‘ரூஹி ரூஹி’ பாட்டின் முடிவில் சில அடிகளைப் பாடும் இளங்குரல் முகமது ரஃபியுடையது. போகிறவரும் வருகிறவரும் ஒரே தட்டில் இருக்கிறார்கள். உங்கள் தாத்தா சைகலைக் கேட்டது பெரும்பாலும் இலங்கை வானொலியில்தான் இருக்கும். அதன் ஹிந்திச் சேவையில் பழைய படப் பாடல் நிகழ்ச்சி அந்த நாட்களில் காலை எட்டு மணிக்குச் சற்று முன் சைகல் பாட்டோடு முடிவது வழக்கமாக இருந்தது. நேரம் பார்க்கக்கூட அந்தப் பாட்டு உதவியது என்பார்கள்.

வீட்டில் மறுபடியும் போட்டுக் காட்ட விரும்பினால், சோகப் பாட்டில் தொடங்காதீர்கள். அவரைக் கேலி செய்து மேடையில் குரல்மாற்றிப் பேசுபவர்கள் எடுத்துக்கொள்வது அவற்றைத்தான். ‘ஜிந்தகி’ (1940) படத்தின் ‘ஸோ ஜா ராஜகுமாரி’ என்ற தாலாட்டிலிருந்து தொடங்குங்கள். இசை பங்கஜ் மல்லிக். இரைச்சல் நீக்கப்பட்ட பதிப்பை ஒதுக்கிவிட்டு, கரகரவென்ற பதிப்பைத் தேடி எடுங்கள். ஒலியைக் குறைவாக வையுங்கள், கைப்பேசியில் அல்லாமல் ஓரளவு பெரிய ஒலிபெருக்கியில் போடுங்கள். முதல் அரை நிமிடம் இரைச்சல்தான் கேட்கும். பிறகு காது அதை விலக்கிவிடும். கேட்டபின் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். தாத்தாவின் தட்டு உங்களிடம் இருந்தால், அதன் லேபிளில் அச்சிட்ட எண்ணையும் மையப்பகுதியில் கீறியிருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதினால், எந்தப் பதிவு என்று பார்த்துச் சொல்கிறேன்.